பத்தால் வகுக்கவும்

ஜனவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

உன் தாய்மாமன், முன்னாள் படைவீரன், இந்நாள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை வாயில் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தி எழுதுவது. நான் நலம். என் நலத்தைப் பார்த்து இந்தத் தெருவே பொறாமையில் இளைத்துக் கிடக்கிறது. நீயும், உன் வீட்டுக்காரரும், பிறந்து நாலே மாதத்தில் ஆட்சியைக் கைப்பற்றிவிட்ட உன் மகளும் நலந்தானே?

இந்நேரம் உன் அத்தை அங்கே வந்து சேர்ந்திருப்பாள். நீ மறுபடி மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போவதால், குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பத்து நாள் அரசுமுறைப் பயணமாக அவளை அனுப்பி வைத்திருக்கிறேன். அனுப்பி வைத்தது நான் என்று அவளிடம் மட்டும் சொல்லிவிடாதே. நான் பணியில் இருந்தபோது கிளம்பிவிட்டாள். அதனால் வழியனுப்பும் அணிவகுப்பு ரத்தானது.

நேற்று நானே சமைத்தேன். வாசனை மூன்று மாவட்டங்களைத் தாண்டியது. தீயணைப்பு வண்டி ஒன்று தெருமுனைவரை வந்து, என் கைப்பக்குவத்தைப் பார்த்து வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டது.

போன் செய்யாதே. தொலைபேசி என்பது பொறுமை இல்லாத அற்பர்களின் கருவி. சக்கரவர்த்திகள் ஓலைதான் அனுப்புவார்கள். என் போனைக் கம்பளியில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் துயில்கொள்ள வைத்திருக்கிறேன்.

உன் அத்தை எப்போது திரும்புவாள் என்று சும்மா பேச்சோடு பேச்சாகக் கேட்டு எழுது. நான் கேட்டதாகச் சொல்லாதே. கேட்கவில்லை என்றும் சொல்லாதே.

எல்லாத் திசைகளிலும் வெற்றியுடன்,
மாமா


ஜனவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் தெருவை இளைக்க வைத்தது போதும், நீங்கள் இளைக்காமல் இருக்கிறீர்களா? குழந்தை குப்புற விழப் பார்க்கிறாள்.

அத்தை வந்துவிட்டார். கூடவே தையல் மெஷினும் வந்திருக்கிறது. பத்து நாளைக்கு வருகிறவர் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவாரா மாமா? எப்போது ஊருக்கு என்று பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டேன். "மெஷினுக்கு விடற எண்ணெய் உங்க வீட்ல எங்கடி இருக்கு?" என்றார். அதுதான் பதில்.

உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "மூணு மாவட்டம்னா மூணு வீடு. பாவம், பாத்திரம் தீஞ்சிருக்கும்" என்றார். நம் குடும்பத்தில் நீங்கள் சொல்வதைப் பத்தால் வகுத்துத்தானே எடுத்துக்கொள்வோம்? அம்மா எனக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்கள் ராணுவக் கதைகளை வைத்துத்தான். நீங்களும் உங்கள் நண்பர் சட்டித்தலையனும் இரண்டு லாரியால் ஒரு மலையை நாற்பது மைல் தள்ளினீர்கள் என்றால், விடை நாலு மைல். மலை மீதி.

சரி, சிரித்தது போதும். என்ன நடந்தது? அத்தை சொல்ல மாட்டேன் என்கிறார். நீங்களாவது சொல்லுங்கள்.

அன்புடன்,
மருமகள்


பிப்ரவரி 2

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலம். நேற்று என்னைப் பரிசோதித்த கண்ணாடி, இவ்வளவு நலத்தைத் தாங்க முடியாமல் விரிசல் விட்டது. உன் மகளின் உருளும் முயற்சிக்கு என் படையின் சார்பில் வாழ்த்து.

என்ன நடந்தது என்று கேட்டாய். வரலாறு எழுதத் தகுந்தது, அமைதியாகக் கேள். உன் அத்தையின் அண்ணன் இரும்புச் சாமான் கடை திறந்தார் அல்லவா? போயிருந்தோம். கதவிலிருந்து கூரைவரை பலூன் கட்டியிருந்தார்கள். யாரோ ஒரு புத்திசாலி அந்தக் கொத்தின்மேல் ஏணியைச் சாய்த்தான். ஆயிரம் பலூனும் ஒரே மூச்சில் வெடித்தன. அடுத்த கணம் உன் மாமன் மின்னலைப் பின்னுக்குத் தள்ளி, மனைவியைப் பிடித்து இழுத்து, மேஜைக்கடியில் கோட்டை அமைத்துவிட்டான். மேஜைமேல் இருந்த குளிர்பானம் முழுவதும் மச்சான்மேல் அபிஷேகமானது. கூட்டம் கைதட்டிச் சிரித்தது. இப்படிப்பட்ட நகைச்சுவையை அந்தக் கடை இனி நூறு வருடத்துக்குப் பார்க்காது.

உன் அத்தைக்கு நகைச்சுவை பிடிக்கவில்லை. முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கு என்னை இழுத்துப் போனாள். அங்கே ஒரு டாக்டர் பெண், உன் வயதுதான் இருக்கும், கேள்வியாகக் கேட்டு மார்க் போட்டாள். நான் ஃபெயில். நோயாளி ஆவதற்கான பாஸ் மார்க் வரவில்லை. "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு, எதுவும் முழுசா இல்ல" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எதையும் பிரம்மாண்டமாகவே செய்து பழகிய எனக்கு, வாழ்க்கையில் சில்லறையாக வாய்த்தது இது ஒன்றுதான்.

மற்றபடி என் புகழ் வளர்கிறது. தொழிற்சாலைக்குள் வரும் ஒவ்வொரு லாரிக்கும் அடியில் நான் கண்ணாடி விட்டுப் பார்ப்பதையும், யாரும் என் முதுகுப் பக்கமாக உள்ளே நுழைய முடியாததையும் மெச்சி, சிறந்த காவலர் என்று பெரிய முதலாளி சால்வை போர்த்தி ஒரு கூடை ஆரஞ்சு கொடுத்தார். கூடையை அப்படியே லாரிக்காரர்களுக்குத் தானம் செய்தேன். சக்கரவர்த்திகள் ஆரஞ்சு தொடுவதில்லை.

புகழின் பாரத்தால் சற்றே கூனியபடி,
மாமா


பிப்ரவரி 15

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? இந்த முறை சக்கரவர்த்தியைக் கேட்கவில்லை, உங்களைக் கேட்கிறேன்.

கடிதத்தைப் படித்தேன். குளிர்பானம் கொட்டிய இடத்தில் அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவர் பிறகு தோளைப் பிடித்துக்கொண்டார். சுளுக்கு இன்னும் விடவில்லையாம். நீங்கள் இழுத்த இழுப்பு.

"சுளுக்குகூடப் போகட்டும்டி" என்றார். "எங்க அண்ணி எல்லார் முன்னாடியும், 'பட்டப்பகல்லயே ஊத்திக்கிட்டு வந்துட்டாரா?'ன்னு கேட்டா. அந்த மனுஷன் வாயில ஒரு சொட்டு வெச்சதில்ல. நான் என்ன பதில் சொல்ல? உடம்பு சரியில்லன்னு சொல்லலாம்னு பார்த்தா, டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாங்க. போன் அடிச்சா கையில இருக்கற டம்ளர் செவுத்துல போய் உடையுது. பின்னால போய் ஒரு துண்டு குடுத்தா புலி மாதிரி திரும்பறார். எங்க போனாலும் செவுரு பக்கத்து நாற்காலிதான் வேணும். ஒண்ணுமில்லன்னா, அப்ப இதுக்குப் பேரு திமிருதானே?"

நீங்கள் மன்னிப்புக் கேட்டால் ஊருக்குத் திரும்புவாரா என்று அத்தையிடம் கேட்டேன். "மன்னிப்பு யாருக்குடி வேணும்? என்னன்னு நேராச் சொன்னாப் போதும், அடுத்த வண்டில கிளம்பிடுவேன். சொல்ல மாட்டார். கதை சொல்வார்."

இதைக் கேட்டதிலிருந்து கடைக்கு வந்த ஒருவர் நினைவாகவே இருக்கிறது. கணக்குப்பிள்ளை. கண் பரிசோதனைப் பலகையில் கடைசி வரிவரை எல்லா எழுத்தையும் படித்துவிட்டார். கண் நல்லாருக்கு என்று யாரோ முன்பே அனுப்பிவிட்டார்களாம். ஆனால் சாயந்திரமானால் தலை பிளக்கிறதாம். மெதுவாகப் பார்த்தால், இருப்பது கொஞ்சூண்டு பவர். அந்தக் கொஞ்சத்தை ஈடுகட்டக் கண் நாள் முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எழுத்துத் தெரிகிறது, தலைவலி வருகிறது. இரண்டும் உண்மைதான்.

இன்னொன்று. குழந்தைக்கு உங்கள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டித்தலையன் முன்னால், நீங்கள் பின்னால், மலைப்பாதை, தூரத்தில் அந்தப் பாலம். அங்கே நின்றுவிட்டேன். எனக்கு மேலே தெரியவில்லை. நீங்கள் எங்களுக்குச் சொன்ன எல்லாக் கதையும் அந்தப் பாலத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. சட்டித்தலையன் இப்போது எங்கே இருக்கிறார் மாமா?

அன்புடன்,
மருமகள்


மார்ச் 10

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் இல்லை. உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? குழந்தையின் படம் வைத்திருக்கிறேன். தபால்காரர் வரும் நேரத்தில் அத்தைக்கு வாசலில் ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

மருமகள்


மார்ச் 24

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலமோ நலம். படம் கிடைத்தது. உன் மகள் என் மூக்கோடு பிறந்திருக்கிறாள், உலகம் எச்சரிக்கையாக இருக்கட்டும்.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. நேற்று என் தொப்பி உருகிக் கண்ணுக்குள் வழிந்தது. ஓர் எறும்புப் படை வாயிலைக் கைப்பற்ற வந்தது. சமரசம் பேசித் திருப்பி அனுப்பினேன். பெரிய முதலாளி என்னைப் பிரதமராக்கலாமா என்று யோசிக்கிறார். நான்தான் வேண்டாம் என்கிறேன், நாற்காலிக்குப் பின்னால் சுவர் இருக்காது.

போன மாதக் கடிதத்தில் ஏதோ கேட்டிருந்தாய் போலிருக்கிறது. அந்தப் பக்கத்தை எலி தின்றுவிட்டது. சாதாரண எலி இல்லை, யானை அளவு.

அத்தையின் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். நான் சொன்னதாகச் சொல்லலாம்.

மாமா


ஏப்ரல் 4

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். ஒத்தடம் நடக்கிறது.

எலியை அத்தை வகுத்துப் பார்த்தார். "யானை அளவுன்னா சுண்டெலி. சுண்டெலி ஒரு பக்கத்த முழுசாத் தின்னாதுடி. கேள்விதான் அவரைக் கடிச்சிருக்கு" என்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "சாப்பிடறாராமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீடுகளிலிருந்து அத்தையிடம் துணி தைக்கக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளிச் சீருடை தைக்கக்கூடக் கேட்டிருக்கிறார்கள். அத்தை முடியாது என்று சொல்லவில்லை. அவருடைய பெயரில் இங்கே ஒரு பலகை மாட்டிவிட்டால், பிறகு நான் எதைக் கேட்டும் பயன் இருக்காது. எனக்கு அத்தை இங்கே இருப்பது சௌகரியந்தான். இருந்தும் எழுதுகிறேன்.

பாலத்தைப் பற்றி நான் கேட்டது உங்களுக்கு வலித்திருந்தால் விட்டுவிடுங்கள். வேறு எதையாவது எழுதுங்கள். ஆனால் கதை வேண்டாம் மாமா.

மருமகள்


மே 30

மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தில் எதையும் வகுக்காதே. உன் அத்தையிடம் அப்படியே கொடு.

சட்டித்தலையன் இல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கமே போய்விட்டான்.

அவன் வண்டி முன்னால், என் வண்டி பின்னால். எப்போதும் அப்படித்தான். ஓட்டிக்கொண்டே ஆரஞ்சு தின்பான். தோலை ஜன்னல் வழியாக வீசுவான். அது பறந்து வந்து என் முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டும், அதுதான் அவன் விளையாட்டு. ஒட்டிவிட்டால் கையை வெளியே நீட்டி ஆட்டுவான். அன்றைக்கும் ஒட்டியது. கையை ஆட்டினான். நான் திட்டிக்கொண்டே வைப்பரைப் போடக் குனிந்தேன். வெடிச்சத்தம் வந்தது. நிமிர்ந்தபோது தோல் கண்ணாடியில் அப்படியே இருந்தது. வண்டி இல்லை.

அதற்குப் பிறகும் பல வருடம் ஒழுங்காக வண்டி ஓட்டினேன். ஓய்வு பெற்று வந்தேன். சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், பெரும்பாலும் தூங்குகிறேன். டாக்டர் சொன்னது பொய் இல்லை. ஆனால் மணி அடித்தால் கை என் பேச்சைக் கேட்பதில்லை. யாராவது பின்னால் வந்து நின்றால் மூச்சு நின்றுவிடுகிறது. முதுகுக்குச் சுவர் இல்லாவிட்டால் சோறு இறங்குவதில்லை. வாயிலில் இதற்கெல்லாம் சால்வை போர்த்துகிறார்கள். வீட்டில் இதுவே உன் அத்தைக்குத் தலைகுனிவு. இரண்டும் ஒரே ஆள்தான்.

கடையில் அன்றைக்கு அவள் தலையை மறைக்கத்தான் பார்த்தேன். அவள் கையை எப்படி இழுத்தேன் என்று பார்க்கவில்லை.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். என் கதைகளில் அவன் இன்னும் பாலத்துக்கு வந்து சேரவில்லை. அதனால்தான்.

நலமா என்று கேட்டு எழுதியிருந்தாய். தெரியவில்லை.

மாமா


ஜூன் 8

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை அத்தையிடம் அப்படியே கொடுத்தேன். என்னைப் படிக்கச் சொல்லவில்லை. என் கடைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே படித்தார். மெஷினில் பாதி தைத்த சீருடை கிடந்தது. அதை மடித்து வைத்தார். திரும்பவும் எடுத்தார். திரும்பவும் மடித்தார்.

பிறகு சொன்னார்: "அன்னிக்கு அந்த டாக்டரம்மா, இப்படித் திடுக்கிடறது எத்தனை தடவைன்னு கேட்டாங்கடி. இவர் வாரத்துல மூணு நாலு தடவைன்னார். பக்கத்துல நான் சும்மா இருக்கக் கூடாதா? 'டாக்டர், இவர் எதைச் சொன்னாலும் பத்தால வகுத்துக்குங்க, எங்க வீட்ல அப்படித்தான்'னேன். அந்தம்மா சிரிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் இவர் சொன்ன எதையும் அவங்க முழுசா எழுதினாங்களோ என்னமோ."

"மாமா ஒன்றும் சொல்லவில்லையா?" என்றேன்.

"அவரும் சேந்து சிரிச்சார்டி."

அதைச் சொன்னபோதுதான் அத்தை அழுதார். இந்தக் கடிதத்துக்கு முன் வாழ்நாளில் நீங்கள் உள்ள அளவுக்கு உள்ளபடி சொன்ன ஒரே விஷயம் அதுதான் மாமா. அதையும் பழக்கதோஷத்தில் வகுத்துவிட்டோம்.

சீருடைத் துணிகளைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. குழந்தையைப் பக்கத்தில் ஒரு காப்பகத்தில் விட ஏற்பாடு செய்துவிட்டேன், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அத்தை அங்கே வருகிறார். ஒன்று எழுதச் சொன்னார்: "இனிமே சொல்லாமக் கொள்ளாம அவர் முதுகுப் பின்னாடி வந்து நிக்க மாட்டேன்னு எழுதுடி."

அன்புடன்,
மருமகள்


ஜூலை 6

அன்புள்ள மருமகளுக்கு,

நான் முக்கால் நலம். மீதிக் கால் செவ்வாய்க்கிழமைதோறும் மருத்துவமனைக்குப் போய்வருகிறது. நீ, வீட்டுக்காரர், காப்பகத்தையும் கைப்பற்றிவிட்ட உன் மகள், எல்லாரும் முழு நலமாக இருங்கள்.

உன் அத்தை வருவதாகச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். தெருமுனையிலிருந்து ஒரு முழக்கம். "வந்துட்டேன்! பஸ்ஸை விட்டு இறங்கிட்டேன்!" கொஞ்ச நேரத்தில், "மளிகைக் கடை கிட்ட வரேன்!" பிறகு, "கேட்டுக்கு வந்துட்டேன், இப்பத் தாழ்ப்பாளைத் திறக்கப்போறேன், சத்தம் வரும்!" தெருவே ஜன்னலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் ஏதோ தேர்தல் பிரசாரம் என்று நினைத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். தையல் மெஷினைத் தலையில் சுமந்துகொண்டு பின்னால் வந்த கூலியாள், "அம்மாவுக்குக் கண்ணு தெரியாதுங்களா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டான்.

இப்போது வீட்டுக்குள்ளும் அப்படித்தான். சமையலறையிலிருந்து தண்ணீர் கொண்டு வந்தாலும், "மகாராணி வராங்க!" என்று அறிவித்துக்கொண்டே வருகிறாள். போன் டிரங்குப் பெட்டியிலிருந்து விடுதலையாகிவிட்டது. மணியை அடக்கிவிட்டாள், விளக்கு மட்டும் மினுங்கும். ஆரஞ்சு மட்டும் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. அவசரம் இல்லை என்கிறாள்.

மறுவாரமே மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். அதே டாக்டர் பெண். "போன தடவை நான் சொன்ன வகுத்தலை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றாள் உன் அத்தை. முதலிலிருந்து கேள்வி. முதலிலிருந்து மார்க். மருமகளே, மறுதேர்விலும் நான் ஃபெயில். முன்னைவிடக் கூடியிருக்கிறது, ஆனாலும் கோட்டுக்குக் கீழேதான். உன் அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள். மருத்துவமனையின் அஸ்திவாரம் நடுங்கியது.

அந்தப் பெண் கையமர்த்தினாள். "உக்காருங்கம்மா. கோடு எங்க பதிவுக்கு. கோட்டுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு வலிக்காதுன்னு யாரும் சொல்லல. அன்னிக்கு நான் இவரை அப்படியே அனுப்பியிருக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை வாங்க சார், உங்களை மாதிரி இன்னும் சிலர் வராங்க."

போனேன். நாற்காலிகளை அழகாக வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். வட்டம் என்றால் எல்லார் முதுகும் வெளியே. யாரும் உட்காரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போனோம். அறையின் நடுவே ஒரு கப்பல் நிறுத்தலாம், அவ்வளவு இடம். அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் கத்திக் கத்தித்தான் மனம்விட்டுப் பேசுகிறோம்.

அங்கே சட்டித்தலையனைப் பற்றிச் சொன்னேன். ஒரே ஒரு முறை, முழுதாக. எதிர்ச் சுவரில் இருந்த ஒரு பெரியவர், "தோல் ஒட்டிச்சா?" என்று மட்டும் கேட்டார். "ஒட்டிச்சு" என்றேன். தலையை ஆட்டினார்.

உன் மகளுக்குக் கதை சொல்லும்போது அவனைப் பாலத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடு. அங்கே நல்ல நிழல்.

உன் அத்தை வந்ததில் எனக்குச் சந்தோஷம். எவ்வளவு என்று எழுத மாட்டேன். எழுதினால் நீ வகுத்துவிடுவாய்.

மாமா